கட்டிலருகே ஐந்தாமவர்

நோய் தீர்க்கும் கலையை நான்கு உறுப்புகளாகப் பகுத்து நோக்குவது நம் முன்னோர் மரபு. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அம்மருந்தை அருகிருந்து இயற்றுபவர் என மருத்துவத்தை நான்காக வகுத்துரைக்கின்றது. அதற்கு உரைகண்ட பரிமேலழகர் ஒவ்வொன்றையும் மேலும் நந்நான்காக விரிப்பர். அருகிருந்து இயற்றுபவரிடத்து அவர் வேண்டும் பண்புகள் நான்கு: நோயாளியிடத்து அன்பு, மனம், மொழி, மெய் ஆகியவற்றின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்து முடிக்கும் வன்மை, அறிவு. வடமொழியிலுள்ள சரக சங்கிதையும் ஏறக்குறைய இவ்வாறே கூறுகின்றது. இன்று நாம் தாதியர் என வழங்குவோருக்கு இதனினும் சிறந்த இலக்கணம் கூறுதல் அரிது.

எனினும், இவ்விலக்கணம் ஒரு செய்தியைச் சொல்லாது விடுகின்றது. நான்கு பண்புகளும் நிரம்பப் பெற்ற ஒருவரையே உரையாசிரியர் நம்முன் நிறுத்துகின்றார். அவர் அவ்வாறு நிரம்பியது எங்ஙனம்? சொல்லியவாறே செய்யும் வன்மை அவர் கைக்கு எந்நாளில் வந்தது? யாருடைய உடம்பின்மீது பழகி வந்தது? நீந்தக் கற்பவன் நீரில் இறங்கியே ஆகவேண்டும்; தாதித் தொழில் கற்பவர் நோயாளியின் அருகே சென்றே ஆகவேண்டும். ஆகவே, முன்னோர் எண்ணிய நால்வரோடு இன்றைய வைத்தியசாலைக் கட்டிலருகே ஐந்தாமவர் ஒருவரும் நிற்கின்றார். அவரே மாணவத் தாதி. அவர் இன்னும் தாதியல்லர். வெறும் பார்வையாளரும் அல்லர். அவருக்கு அங்கே நிற்க உரிமை உண்டா? உண்டெனில் அவ்வுரிமை எதிலிருந்து பிறக்கின்றது? அதற்கு அவர் செலுத்தவேண்டிய விலை யாது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறவியல் வினா ஒன்றைச் சொல்லளவில் நிறுத்தாது ஓர் ஊரோடு பொருத்திப் பார்ப்பது தெளிவு தரும். புத்தளம் நகருக்கு வடக்கே, மன்னாருக்குச் செல்லும் பழைய வீதியில், வில்பத்து வனத்தின் தென்னெல்லையை அண்டி எலுவன்குளம் என்னும் கிராமம் உள்ளது. கலா ஓயா அதனை அடுத்து ஓடிக் கடலோடு கலக்கின்றது. மாரியில் ஆறு பெருகினால் அங்குள்ள சப்பாத்துப் பாலம் நீரில் மூழ்கிப் போக்குவரத்துத் தடைப்படும். வயலையும் சேனையையும் கடலையும் நம்பி வாழும் மக்களுக்குக் காட்டு யானையும் நச்சுப் பாம்பும் புதியனவல்ல. அவ்வூர்க் கமக்காரர் ஒருவரை வயல் வரம்பில் கண்ணாடி விரியன் தீண்டியதாக எண்ணிக்கொள்வோம். அவரைப் புத்தளம் அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வர். நோய் கடுமையாயின் குருநாகலுக்கோ அநுராதபுரத்துக்கோ அனுப்புவர். இவ்விரு நகரங்களிலும் உள்ள பெரிய வைத்தியசாலைகள் 'போதனா வைத்தியசாலை' என்னும் பெயர் தாங்கியவை. இரண்டிலும் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் உண்டு. கமக்காரரோ உயிர் பிழைக்க வந்தவர். தாம் ஒரு பாடமாகவும் அமையப்போவதை வாயிற்பலகை அறிவித்தாலும், அதனைப் படித்து உடன்பட்டு உள்ளே புகும் நிலையில் அவர் இல்லை.

அவருடைய கட்டிலருகே நிகழ்வன யாவை என்பதைச் சற்று விரித்து நோக்குவோம். கண்ணாடி விரியனின் நஞ்சு இரத்தத்தின் உறையுந் தன்மையைக் கெடுக்கும், சிறுநீரகத்தைத் தாக்கும், இலங்கையில் இப்பாம்பு தீண்டியோரிடத்துக் கண்ணிமைகள் சோர்ந்து தாழ்வதும் உண்டு. நஞ்சு இரத்தத்தில் ஏறியதா என அறிய எளிய சோதனை ஒன்று கையாளப்படுகின்றது. 2 மில்லிலீற்றர் இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இட்டு, 20 நிமிடம் அசைக்காது வைத்து, பின்னர் ஒருமுறை சரித்துப் பார்ப்பர். அப்போதும் இரத்தம் நீர்போல் ஓடுமாயின் அது உறையவில்லை என்பது பொருள். நஞ்சுமுறி மருந்து ஏற்றுவதா என்னும் முடிவு பெரிதும் இதனைச் சார்ந்தது. சோதனை எளிதெனத் தோன்றினும், குழாய் பிளாஸ்டிக்கால் ஆனதாயினும், சவர்க்காரத்தால் கழுவப்பட்டிருப்பினும், பொறுமையிழந்து இடையிலே அசைக்கப்படினும் முடிவு பிழைத்துவிடும். நஞ்சுமுறி மருந்தோ குதிரையின் இரத்தநீரிலிருந்து ஆக்கப்படுவது. அது ஏறத் தொடங்கியபின் உடலில் தடிப்பு, அரிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு, இரத்த அமுக்க வீழ்ச்சி முதலியன தோன்றக்கூடும். அவற்றின் முதற் குறியைக் கண்டவுடன் வைத்தியரை அழைத்தல் வேண்டும். சிறுநீரின் அளவையும் நிறத்தையும் மணிக்கணக்காகக் குறித்தல் வேண்டும்.

இவ்விடத்தில் நம் மாணவத் தாதி நிற்கின்றார். அவருடைய பயிற்சிப் பதிவேட்டில், நாளத்தில் ஊசி ஏற்றும் செயலை இத்தனை முறை செய்து கையொப்பம் பெறல் வேண்டும் என்னும் நிபந்தனை இருக்கலாம். முன்னே ஒரு கை நீட்டப்பட்டிருக்கின்றது. ஆயினும் இரத்தம் உறையாத அக்கையில் ஒவ்வொரு வீண் குத்தும் ஓர் இரத்தப்போக்கு. கற்கவேண்டும் என்னும் நியாயமான ஆவலும், துன்புறுத்தலாகாது என்னும் அறமும் ஒரே கட்டிலருகே எதிரெதிராக நிற்பதை இவ்வெடுத்துக்காட்டு தெளிவாகக் காட்டுகின்றது.

மாணவரின் உரிமைக்கு ஆதரவாக முதலில் கூறப்படும் நியாயம் பயன் கருதியது. இன்று ஒருவர் சிறிது துன்புற்றால் நாளை ஆயிரவர் நலம் பெறுவர். பயிற்சியின்றித் தாதியர் இல்லை. தாதியரின்றி வைத்தியசாலை இல்லை. பெந்தம் முதலிய ஆங்கில அறிஞர் வகுத்த பயன்முதல்வாதத்தின் வழியில் இவ்வாதம் செல்கின்றது. அதன் உண்மையை மறுத்தற்கில்லை. ஆனால், துன்பம் ஒருவருக்கும் பயன் வேறொருவருக்கும் ஆகும்போது, இரண்டையும் ஒரே தராசில் இட்டு நிறுக்கும் உரிமையை யார் தந்தார் என்னும் வினாவுக்கு அது விடை கூறுவதில்லை. இவ்வாதத்தை மட்டும் பற்றிச் செல்வோமாயின், ஆயிரவர் நலத்துக்காக ஒருவரை எவ்வளவும் வருத்தலாம் என்னும் முடிவுக்கு வந்து சேர்வோம். கமக்காரரின் மனைவி இவ்வாதத்தைக் கேட்டால், அந்த ஒருவர் ஏன் தம் கணவராக இருத்தல் வேண்டும் என்று கேட்பார். அக்கேள்வியில் அறியாமை ஏதும் இல்லை.

இரண்டாவது நிலைப்பாடு இமானுவல் கான்ற் 1785ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலிலிருந்து எழுவது. மனிதரை வெறும் கருவியாக மாத்திரம் கொள்ளலாகாது. ஒவ்வொருவரும் தம்மளவில் ஒரு குறிக்கோள் என மதிக்கப்படல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இதனைக் கேட்டவுடன் மாணவர் நோயாளியைத் தொடுவதே தவறு எனச் சிலர் முடிவு கட்டக்கூடும். அவ்வாறு முடிவு கட்டுதல் 'மாத்திரம்' என்னும் சொல்லைக் கவனியாமையின் விளைவாகும். தச்சனிடம் வேலை வாங்குகின்றோம். தோணிக்காரன் துணையால் ஆறு கடக்கின்றோம். இவற்றில் ஒருவர் மற்றவருக்குப் பயன்படுகின்றார். எனினும் இழிவு நேர்வதில்லை. பயன்படுபவரின் உடன்பாடும் நலமும் மதிப்பும் மறக்கப்படுமிடத்தே இழிவு தொடங்குகின்றது. ஆகவே, கான்றின் கொள்கை மாணவரை விடுதிக்கு வெளியே நிறுத்துவதில்லை. எந்த நிபந்தனையின் பேரில் அவர் உள்ளே வரலாம் என்பதையே அது கேட்கின்றது.

மூன்றாவது நியாயம் நம் நாட்டு வாழ்க்கையோடு நெருங்கியது. எலுவன்குளத்தை அடுத்து ஓடும் கலா ஓயா, தாதுசேன மன்னன் ஐந்தாம் நூற்றாண்டில் அமைத்த கலாவாவியின் வழியாக வருவது. அன்று மண் சுமந்தவர் எவரும் இன்றைய விளைச்சலை உண்ணவில்லை. இன்று அந்நீரால் பயிர் செய்பவர் அவர்களுக்கு எதையும் திருப்பிக் கொடுக்கவும் இயலாது. குளத்தைப் பேணிப் பின்வருவோர்க்கு விட்டுச் செல்லவே இயலும். தாதியரின் கைத்திறனும் இத்தகையதே. இன்று கமக்காரரின் நாளத்தை ஒரே முறையில் கண்டு ஊசி ஏற்றும் மூத்த தாதி, பல ஆண்டுகளுக்கு முன் வேறு யாரோ ஒருவரின் கையில் தடுமாறியவர். அந்த யாரோ ஒருவர் பொறுத்ததன் பயனை இவர் இன்று துய்க்கின்றார். எனவே இவரும் தம் பங்குக்குச் சிறிது பொறுப்பது நீதியே எனலாம். எனக்கு இம்மூன்றனுள் வலியது இந்நியாயமே எனத் தோன்றுகின்றது. பெற்ற ஒருவரிடம் அவர் பெற்றதன் தொடர்ச்சியை மட்டுமே இது கேட்கின்றது.

ஆயினும் இந்நியாயத்தையும் வலுவான ஒரு தடை எதிர்ப்படுகின்றது. இக்கடனை எல்லாரும் ஒப்ப இறுக்கின்றனரா? கட்டணம் செலுத்தித் தனியார் வைத்தியசாலையை நாடுவோர் மாணவரின் கைபடாது பெரும்பாலும் தப்பிவிடுகின்றனர். மாணவர் பழகுவது இலவச விடுதிகளில் கிடக்கும் ஏழைகளின் உடம்பில். கற்ற திறனோ செல்வருக்கும், கடல் கடந்த நாடுகளுக்கும் சென்று சேர்கின்றது. எலுவன்குளத்தார் போன்றோர் கடனை இறுப்போராகவும் பிறர் அதன் பயனைத் துய்ப்போராகவும் இருப்பின், அதனைக் குளத்து நீருக்கு ஒப்பிடுதல் பொருந்தாது; மேட்டு வயலுக்கு மட்டும் நீர் பாய்ச்சும் வாய்க்காலுக்கே ஒப்பிடலாம். இத்தடையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மாணவத் தாதியின் ஆயத்தம், நடத்தை, வெற்றி ஆகிய யாவும் இத்தடைக்கு அவர் இறுக்கும் விடையாக அமைதல் வேண்டும் என்பதே இக்கட்டுரை வற்புறுத்த விழையும் கருத்தாகும்.

முதலில் ஆயத்தத்தை நோக்குவோம். மருத்துவ வரலாற்றில் இதற்கு அழியாச் சான்று ஒன்று உண்டு. 1840களில் வியன்னா நகரப் பொது வைத்தியசாலையில் இரு மகப்பேற்று விடுதிகள் இருந்தன. ஒன்றில் வைத்திய மாணவர் பயின்றனர். மற்றையதில் மருத்துவிச்சி மாணவியர் பயின்றனர். முதல் விடுதியில் பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மாரின் தொகை மற்றையதினும் மிக அதிகம். அதனை அறிந்த பெண்கள், தம்மை இரண்டாம் விடுதியில் சேர்க்குமாறு மன்றாடினர். வைத்திய மாணவர் பிணவறையில் உடல்களை அறுத்து ஆராய்ந்துவிட்டு, அதே கைகளோடு பிரசவ விடுதிக்கு வருவதே காரணம் என இக்னாஸ் செம்மெல்வைஸ் என்னும் வைத்தியர் 1847இல் உணர்ந்தார். குளோரின் கலந்த நீரில் கைகளைக் கழுவிய பின்னரே உள்ளே வரல் வேண்டும் என்று அவ்வாண்டு மே மாதத்தில் விதித்தார். ஏப்பிரலில் 18 சதவீதத்துக்கு மேலாக இருந்த மரணம் யூலையில் ஏறத்தாழ ஒரு சதவீதமாகக் குறைந்தது.

இவ்வரலாற்றைக் கைகழுவுதலின் சிறப்புக்குச் சான்றாகவே பலரும் கூறுவர். நம் ஆராய்ச்சிக்கு அதனுள் வேறொரு பாடமும் உண்டு. இரு விடுதிகளும் பயிற்சி விடுதிகளே. இரண்டிலும் கற்கும் கைகளே தாய்மாரைத் தொட்டன. கற்பவர் தொட்டதனால் மரணம் விளைந்திருப்பின் இரண்டிலும் ஒப்ப விளைந்திருக்கும். எனவே கற்றல் கொல்லவில்லை. தூய்மையின்றித் தொட்டதே கொன்றது. முதல் விடுதியின் மாணவரும் தீயவர் அல்லர். அறிவு நாடிப் பிணவறைக்குச் சென்ற ஊக்கமுடையோரே. ஆனால், மாணவரின் ஊக்கமும் நல்லெண்ணமும் நோயாளியைக் காக்கப் போதியன அல்ல என்பதற்கு அவ்விடுதியின் இறப்புப் பதிவேடு சான்றாயிற்று.

ஆகவே விடுதிப் பயிற்சிக்கு முன் மாணவர் செய்யும் ஆயத்தம், தேர்வுக்கான ஆயத்தத்தினின்றும் வேறானது. தேர்வுக்கு ஆயத்தமின்றிச் செல்பவர் தமக்கே தீங்கிழைக்கின்றார். விடுதிக்கு ஆயத்தமின்றிச் செல்பவரோ பிறருக்குத் தீங்கிழைக்கின்றார். பொம்மைக் கையில் பழகக்கூடியதை மனிதக் கையில் முதன்முதற் பழகலாகாது. நூலிலிருந்து அறியக்கூடியதை நோயாளியின் வேதனையிலிருந்து அறிய முற்படலாகாது. மறுநாள் தம் பொறுப்பில் வரும் நோயாளியின் நோய் யாது, அவர் பெறும் மருந்துகள் யாவை, அவற்றின் அளவும் தீய விளைவுகளும் எவை என்பவற்றை முதல்நாள் இரவே அறிந்திருத்தல் வேண்டும். உரிய நோயாளி, உரிய மருந்து, உரிய அளவு, உரிய வழி, உரிய நேரம் என்னும் ஐந்தையும் ஒவ்வொரு முறையும் சரிபார்த்தல் வேண்டும். கமக்காரரைப் பொறுத்தவரை, குழாயை எதனால் கழுவினார்கள் என்று கேட்கத் தெரிந்திருப்பதும், தசையில் ஊசி ஏற்றலாகாது என்று அறிந்திருப்பதும் இவ்வாயத்தத்தின் பகுதிகள். நோயாளியிடமிருந்து கற்றே தீரவேண்டியவை சில உண்டு. அவற்றை மட்டுமே அவரிடம் கேட்பதற்கு, ஏனைய எல்லாவற்றையும் வேறிடத்தில் கற்றுவிட்டு வருதல் வேண்டும். அவர்மீது ஏற்றப்படும் சுமையை இயன்றவரை குறைப்பது இவ்வாறேயாகும்.

தாதியரின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த பற்றீசியா பென்னர் என்னும் அமெரிக்க அறிஞர், 1984இல் வெளியிட்ட நூலில், புதியவர் நிலை முதல் வல்லுநர் நிலை வரை ஐந்து படிகளைக் காட்டினார். புதியவர் விதிகளைப் பற்றி நடப்பவர். வல்லுநர் நிலைமை முழுவதையும் ஒரே நோக்கில் உணர்பவர். இப்பகுப்பிலிருந்து அறவியல் முடிவு ஒன்றும் பெறப்படும். வல்லுநர் விதியைக் கடந்து செல்வதைக் கண்ட புதியவர், தாமும் அவ்வாறே செல்லுதல் தகாது. மூத்த தாதி விரைவாகச் செய்வதில் நெடுங்கால அனுபவம் மறைந்துள்ளது. மாணவர் அதனைப் பின்பற்றும்போது விரைவு மட்டுமே எஞ்சும். தமது படி எதுவென அறிந்து அதற்கேற்ப நடத்தல் மாணவருக்குரிய அடக்கம். 'இது எனக்குத் தெரியாது, வந்து காட்டுங்கள்' என்று சொல்லும் வாய் அவருக்கு வாய்த்த காப்பு.

அடுத்து உடன்பாட்டை நோக்குவோம். நோயாளியிடம் அனுமதி கேட்டல் வேண்டும் என்பதை இன்று யாவரும் ஒப்புவர். ஆனால் அச்சமும் நன்றியும் கலந்த நிலையில், வெள்ளுடை அணிந்தோர் கேட்பதற்கெல்லாம் தலையசைக்கும் ஏழைக் கமக்காரரின் 'ஓம்' என்னும் சொல் எவ்வளவு பெறுமதி உடையது? மறுத்தால் கவனிக்கமாட்டார்களோ என்னும் ஐயம் அவர் நெஞ்சில் இருக்குமாயின் அது உடன்பாடாகாது. ஆகவே கேட்கும் முறை இன்றியமையாதது. "ஐயா, நான் இன்னும் படிக்கிற பிள்ளை. சிஸ்டர் பக்கத்தில நிப்பா. உங்கட கையில மருந்து ஏத்தலாமோ? வேண்டாமெண்டாலும் பரவாயில்லை, சிஸ்டரே ஏத்துவா" என்று சொல்லும் மாணவர், கற்பவர் என்னும் தம் நிலையை மறைக்கவில்லை, மறுக்கும் வழியையும் திறந்து வைக்கின்றார். இவ்வாறு பெறும் உடன்பாடும் ஆயத்தமின்மைக்கு ஈடாகாது என்பதை மறத்தலாகாது. அனுமதி நோயாளி தருவது. தகுதி மாணவர் தேடிக்கொள்வது.

புத்தளப் பகுதியில் இவ்வுடன்பாட்டுக்கு மொழி ஒரு பெருந்தடையாகலாம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அங்குக் கலந்து வாழ்கின்றனர். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெருந்தொகையினர் புத்தளத்திலேயே தஞ்சம் புகுந்தனர். சிங்களம் மட்டும் அறிந்த மாணவர் தமிழ் மட்டும் அறிந்த நோயாளியையும், தமிழ் மாணவர் சிங்கள நோயாளியையும் சந்திக்க நேர்கின்றது. மூச்சு இறுகுகின்றது என்று நோயாளி சொல்வது விளங்காவிடின், நஞ்சுமுறி மருந்தின் தீய விளைவை எவ்வாறு முன்னறிவது? ஆகவே மற்றையவரின் மொழியில் நோவு, மூச்சு, தலைச்சுற்று, சிறுநீர் முதலியவற்றைக் குறிக்கும் சொற்களையேனும் கற்றுச் செல்லுதல், மருந்தின் அளவை அறிந்து செல்லுதலுக்கு ஒப்பானது. விளிக்கும் சொல்லும் இதனுள் அடங்கும். 'பதினான்காம் கட்டில்' என அழைக்கப்படுபவர் கருவியாகிவிடுகின்றார். ஐயா, அம்மா, வாப்பா, நானா, அம்மே என அவரவர் வழக்கில் விளிக்கப்படுபவர் மனிதராகவே இருக்கின்றார். கான்ற் பல பக்கங்களில் விளக்கியதை ஒரு முறைப்பெயர் உணர்த்திவிடக் காண்கின்றோம்.

இதுவரை மாணவர் பெறுவதைப் பற்றியே பேசினோம். அவர் கொடுக்கக்கூடியது ஒன்றும் இல்லையா? உண்டு. பல கட்டில்களுக்குப் பொறுப்பான தாதியிடம் இல்லாத ஒரு செல்வம் மாணவரிடம் இருக்கின்றது, அது காலம். நஞ்சுமுறி மருந்து ஏறும் முதல் ஒரு மணி நேரம் கமக்காரரின் அருகே அமர்ந்து, நாடியைக் குறித்து, தோலில் தடிப்பு எழுகின்றதா என நோக்கி, கண்ணிமை தாழ்கின்றதா எனக் கவனித்து, அவருடைய அச்சத்துக்குச் செவிசாய்க்க மாணவரால் இயலும். அம்மணி நேரத்தில் முதற் குறியைக் கண்டு வைத்தியரை அழைத்தாராயின், கைத்திறன் குறைந்த அவரே அக்கட்டிலின் மெய்யான காவலர் ஆகின்றார். பரிமேலழகர் கூறிய நான்கனுள், செய்து முடிக்கும் வன்மை மாணவரிடத்து நிரம்ப நாளாகும். அன்பும் தூய்மையும் முதல் நாளிலேயே நிரம்பக்கூடியவை. இவ்வாறு கொடுக்கல் வாங்கல் இருபாலும் நிகழும்போது நோயாளி வெறும் கருவியாக இருப்பதில்லை.

இனி வெற்றி யாது என்பதை வரையறுக்கலாம். பதிவேட்டில் கையொப்பங்கள் நிரம்புவதே வெற்றி எனக் கொள்ளின், இரத்தம் உறையாத கையில் ஊசி ஏற்றியவர் வென்றவராவார்; 'இவரிடம் வேண்டாம், வேறொருவரிடம் கற்கின்றேன்' என்று பின்வாங்கியவர் தோற்றவராவார். இஃது அறத்துக்கு முரண் என்பது வெளிப்படை. எண்ணிக்கை வேண்டாம் என்பது கருத்தன்று. பலமுறை செய்யாது கை பழகாது. எண்ணிக்கை நோயாளிக்கு மேலாக நிற்கலாகாது என்பதே கருத்து. பிழை நேர்ந்தபோது மாணவர் செய்வதே அவர் வெற்றியை அளக்கும் கடுமையான உரைகல். 18ஆம் நிமிடத்தில் குழாயைத் தவறுதலாக அசைத்துவிட்ட மாணவர், அதனை மறைத்து முடிவை எழுதலாம். அல்லது உண்மையைச் சொல்லி ஏச்சுக் கேட்கலாம். முன்னதனால் மாணவர் தப்புவார், நோயாளி தப்பாமற் போகலாம். பின்னதனைச் செய்தவரே தாதியாகத் தொடங்கியவர்.

இவ்விடத்து ஆசிரியர்களும் மூத்த தாதியரும் தம் பங்கை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நோயாளியின் முன்னிலையில் மாணவரை இழித்துரைக்கும் விடுதியில் உண்மை சொல்லும் துணிவு வளராது. பிழைகள் குறையா, மறைக்கப்படும். மறைந்த பிழையின் விலையை மீண்டும் கட்டிலில் கிடப்பவரே இறுக்கின்றார். புளோரன்ஸ் நைற்றிங்கேல் 1860இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் பயிற்சிப் பள்ளி நிறுவிய காலந்தொட்டு, தாதித் தொழில் மேற்பார்வையின் கீழ்க் கற்கப்படும் கலையாகவே வளர்ந்து வந்துள்ளது. மேற்பார்வையற்ற விடுதியில் மாணவரைத் தனியே விட்டு, ஆட்குறைவை ஈடுசெய்ய அவரைப் பயன்படுத்துவது இருவருக்கும் இழைக்கும் அநீதி. அங்கே நோயாளியோடு மாணவரும் வெறும் கருவியாகின்றார்.

ஏழையே சுமக்கின்றார் என்னும் தடைக்கு இறுதி விடை பயிற்சி முடிந்த பின்னரே கிடைக்கும். செம்மெல்வைஸ் வியன்னாவில் கைகழுவுதலை விதித்த அதே 1847ஆம் ஆண்டில், சமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் உள்ளூர் மாணவருக்கு மருத்துவம் கற்பித்த அவர், முதலில் ஆங்கிலத்தில் நடத்திய வகுப்பை 1860களில் தமிழுக்கு மாற்றினார். மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். ஆங்கிலத்திற் கற்றோர் அரசாங்க உத்தியோகம் நாடி வெளியேறுவர், தமிழிற் கற்றோர் கிராம மக்களிடையே தங்குவர் என்பது அவர் எண்ணம். 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமெனத் திறக்கப்பட்ட மக்லியொட் வைத்தியசாலையிலும் உள்ளூர்ப் பெண்கள் தாதியராகப் பயிற்றப்பட்டனர். திறன் எவரிடம் கற்கப்பட்டதோ அவரிடமே திரும்பிச் செல்லல் வேண்டும் என்னும் உணர்வை இம்முயற்சிகளிற் காண்கின்றோம்.

இதனைக் கொண்டு, இன்றைய தாதி எவரும் வெளிநாடு செல்லலாகாது என்று விதிக்க யான் முற்படவில்லை. குடும்பத்தின் வறுமை நீங்கப் புறப்படும் ஒருவரைக் குறைகூறுதல் எளிது. அவருடைய நிலையில் நிற்பது அரிது. கடனை இறுக்கும் வழிகளும் பலவாகும். பின்தங்கிய பிரதேசத்தில் சில ஆண்டுகள் பணிபுரிதல் ஒன்று. அடுத்துவரும் மாணவருக்குப் பொறுமையோடு கற்பித்தல் இன்னொன்று. எந்நாட்டில் இருப்பினும் வறியவரின் கட்டிலருகே அதே கவனத்தோடு நிற்றல் வேறொன்று. கடன் உண்டு என்பதை மறத்தல் ஒன்றே பொறுக்கலாகாதது. அரசுக்கும் இதிற் பங்குண்டு. எலுவன்குளம் போன்ற ஊர்களின் மக்கள் தம் உடம்பால் ஈட்டித் தந்த திறன், அவ்வூர்களுக்கு எட்டும் தொலைவிலுள்ள வைத்தியசாலைகளில் போதிய தாதியராக நின்று நிலைக்குமாறு செய்வது இரங்கிக் கொடுக்கும் கொடையாகாது. பட்ட கடனைத் தீர்த்தலேயாகும்.

பல்கலைக்கழகத்தில் கற்கும் நம்மில் பெரும்பாலோர் தாதியராகப் போவதில்லை. எனினும் இவ்வினா நம்மை விட்டு விலகி நிற்பதும் இல்லை. புதிய ஆசிரியர் தம் முதல் வகுப்பின் பிள்ளைகளிடத்தும், இளம் வழக்கறிஞர் தம் முதல் கட்சிக்காரரிடத்தும், புதிய பொறியியலாளர் தம் முதற் பாலத்தைக் கடப்போரிடத்தும் கற்கவே செய்கின்றனர். அவர்களுடைய பிழைகள் காலந்தாழ்த்தி வெளிப்படுவதால் நாம் அவற்றைக் கற்றலின் விலை என எண்ணுவதில்லை. மாணவத் தாதியின் பிழை உடனே இரத்தமாகவும் நோவாகவும் கண்முன் தோன்றுகின்றது. எல்லாத் தொழிலுக்கும் பொதுவான ஓர் உண்மையை அவருடைய நிலை மறைவின்றிக் காட்டுகின்றது.

ஆகவே, ஐந்தாமவருக்குக் கட்டிலருகே நிற்கும் உரிமை உண்டு. கல்லூரியின் அனுமதிக் கடிதத்தால் மட்டும் அவ்வுரிமை நிறைவதில்லை. வருமுன் கற்றதாலும், தம்மை இன்னார் என மறையாது சொன்னதாலும், கழுவிய கையாலும், காத்திருந்த 20 நிமிடத்தாலும், பிழையை ஒப்புக்கொண்ட நாவாலும் அவர் அதனை ஒவ்வொரு நாளும் புதிதாக ஈட்டுதல் வேண்டும். கமக்காரர் நலம்பெற்று எலுவன்குளத்துக்குத் திரும்பும்போது, தம் கட்டிலருகே நின்றவர்களுள் யார் கற்றவர், யார் கற்பவர் என்பதை அவர் மறந்துவிடலாம். கற்றவர் மறத்தலாகாது.